நாரி, பிடரி, கை, கண்: கணினியில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஓர் அறையில் பன்னிரண்டு வருடமாகக் கணினி வகுப்பும் தட்டச்சு வேலையும் நடத்தி வருகிறேன். ஏ.எல். முடித்த பிள்ளைகள், பிரதேச செயலகத்தில் தரவு பதிகிற தங்கச்சிமார், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இரவில் இணையத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் என்று பலரும் வந்து போகிறார்கள். எக்செல் பற்றி ஏதாவது கேட்கத்தான் வருவார்கள். எழும்பிப் போகும்போது நாரியைப் பிடித்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. எனக்கே கை விறைத்துப் போனபோது பிசியோதெரபி செய்தவரிடம் கற்றது, பிறகு தேடி வாசித்தது, வகுப்பில் செய்து பார்த்துப் பலன் கண்டது, இவ்வளவும்தான் இதில் இருக்கிறது.

எவ்வளவோ பட்டு வந்த எங்களுக்கு இதெல்லாம் ஒரு நோவா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனவர்களில் சிலர் ஒரு வருடம் கழித்து, பேனை பிடிக்க முடியாத கையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். 2009 வரை பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள், பிறகு செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வெயிலில் வெந்தவர்கள், கணினிக்கு முன்னால் இருந்து பிடரி நோகிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "அப்பா விடிய நாலு மணிக்கு வயலுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வருகிறார். ஃபானுக்குக் கீழே இருந்து வேலை செய்கிற நான் நோகிறது என்றால் யார் நம்புவார்கள்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள்.

நம்பத்தான் வேண்டும். வயலில் குனிகிறவர் நிமிர்கிறார், நடக்கிறார், மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடிக்கிறார். கணினிக்கு முன்னால் இருக்கிறவரின் தோளும் பிடரியும் நாலு மணித்தியாலம் ஒரே இழுவையில் நிற்கின்றன. இழுபட்டபடி நிற்கிற தசைக்குள் இரத்தம் ஓடுவது குறையும், குறைந்தால் நோகும். உழைப்பின் பாரம் சின்னதுதான், ஆனால் அதை இறக்கி வைப்பதே இல்லை என்பதால்தான் இந்த நோவு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடசாலை மலரை மூன்று கிழமைக்குள் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதன் பிறகு இரவில் வலது கை விறைக்கத் தொடங்கியது. எழும்பி உதறுவேன், சரியாகிவிடும், படுத்துவிடுவேன். எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. பொத்தான் விரலுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. பிசியோதெரபி செய்தவர் "ஏன் இவ்வளவு நாள் வராமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார். "இதெல்லாம் ஒரு நோவா என்று இருந்துவிட்டேன்" என்றேன். மணிக்கட்டில் நசுங்குகிற நரம்பு ஆரம்பத்தில் கவனித்தால் நன்றாகத் தேறும். பெருவிரல் அடியில் இருக்கிற தசை வற்றிப் போகும்வரை விட்டால், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எனக்குத் தேறிவிட்டது. கொஞ்சம் முன்னதாகப் போயிருந்தால் அந்த எட்டு மாதமும் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

நல்ல கதிரை வாங்கக் காசில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வேலை செய்தால் நாரி போய்விடுமா?

போகாது. விலை கூடிய கதிரையிலும் ஆறு மணித்தியாலம் அசையாமல் இருந்தால் நோகும். பிளாஸ்டிக் கதிரையில் மூன்று குறை உண்டு: நாரி இருக்கிற இடத்தில் பின்பக்கம் வளைந்து வெறுமையாக இருக்கும், இருக்கை பின்னால் சரிந்திருக்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. மூன்றையும் வீட்டில் இருக்கிற பொருளாலேயே சரிக்கட்டலாம்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் வேலை. அந்த மேசை 75 சென்ரிமீற்றர் உயரம், பிள்ளையோ ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. கீபோட்டில் கை வைத்தால் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி நிற்கும். பின்னேரம் ஆனதும் தலையிடி. எல்லோரும் கண் பரிசோதிக்கச் சொன்னார்கள். நாங்கள் முதலில் கதிரையில் ஒரு பழைய மெத்தைத் துண்டை நாலாக மடித்துப் போட்டோம். இப்போது முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தது, தோள் தானாக இறங்கியது. ஆனால் கால் நிலத்தில் படவில்லை. தொங்குகிற கால் தொடையின் அடியை நசுக்கும், நாரியையும் இழுக்கும். வளவில் கிடந்த ஒரு சீமெந்துக் கல்லைக் கழுவிக் காய வைத்து, மேலே சாக்குத் துண்டு சுற்றிக் காலுக்குக் கீழே வைத்தோம். கடைசியாக ஒரு துவாயை உருட்டி, இரண்டு பக்கமும் றப்பர் வளையம் போட்டு, இடுப்புப் பட்டி வருகிற உயரத்தில் நாரிக்குப் பின்னால் செருகினோம். அரை மணித்தியால வேலை, செலவு ஒன்றுமில்லை. ஒரு கிழமைக்குள் தலையிடி குறைந்துவிட்டது.

பார்க்க வேண்டிய வரிசை இதுதான். முதலில் முழங்கை: தோள் தளர்ந்து தொங்க, முழங்கை ஏறக்குறைய ஒரு மூலைமட்டம் போல மடிந்து, கீபோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி இருக்கையை உயர்த்துங்கள். பிறகு கால். பிறகு நாரி. திரையைக் கடைசியாகப் பாருங்கள். அநேகமானோர் திரையில் தொடங்குவார்கள், அதனால் எல்லாம் குழம்பும்.

நிலத்தில் பாய் போட்டிருந்து வேலை செய்யலாமா?

அரை மணித்தியாலத்துக்கு நல்லது. சம்மணம் கட்டி இருப்பது எங்களுக்குப் பழகிய இருப்பு, இடுப்புக்கும் நல்ல அசைவு. ஆனால் லப்டொப்பை மடியில் வைத்தால் முதுகு கூனும். ஒரு சின்னப் பலகை அல்லது முக்காலி மேல் வையுங்கள், பிட்டத்துக்குக் கீழே தலையணை ஒன்று போட்டு முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி பாருங்கள். சூடான லப்டொப்பைத் தொடையில் நாட்கணக்காக வைத்தால் தோலில் வலைபோலக் கறுத்த தழும்பு விழும், இதையும் கவனியுங்கள்.

லப்டொப்பில் வேலை செய்தால் ஏன் பிடரி நோகிறது?

லப்டொப்பில் திரையும் கீபோட்டும் ஒட்டியே இருப்பதுதான் காரணம். கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தலை குனியும், கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் பிரிக்காமல் தீராது.

தலை ஏறக்குறைய 5 கிலோ. நேராக இருக்கும்போது எலும்பு அதைத் தாங்கும். குனியக் குனியத் தசையும் சேர்ந்து இழுக்க வேண்டும். நியூயோர்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணினி மாதிரியில் போட்ட கணக்குப்படி, 15 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் 12 கிலோ, 60 பாகை குனிந்தால் 27 கிலோ. கணக்கில் வந்த எண்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் அரை மூட்டை சீமெந்தைப் பிடரியில் வைத்துக்கொண்டு போன் பார்க்கிறோம் என்று நினைத்தால் கை தானாகப் போனை உயர்த்தும்.

செய்ய வேண்டியது: தனியாக ஒரு கீபோட்டும் மவுஸும் வாங்குங்கள். கதிரைக்கு வைத்திருக்கிற காசை முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. லப்டொப்பைப் பிஸ்கட் ரின், பழைய பாடப்புத்தகக் கட்டு, ஏதாவது ஒன்றின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. தூரம், கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற அளவு.

எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா எழும்ப வேண்டும்?

அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிடமாவது. எழும்பினால் போதும், பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆனால் "அரை மணிக்கு எழும்புவேன்" என்று தீர்மானித்துவிட்டு எழும்பியவர்களை நான் பார்த்ததில்லை, வேலையில் மூழ்கினால் நேரம் தெரியாது. அதனால் எழும்பாமல் முடியாதபடி ஏதாவது ஒழுங்கு செய்யுங்கள். என் அறையில் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்க விடுவதில்லை. வாசலடியில் மண்பானை, பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை. குடிக்க வேண்டுமென்றால் எழும்பித்தான் ஆக வேண்டும். பிரின்ரரையும் அறையின் மற்ற மூலையில் வைத்திருக்கிறேன். போன் வந்தால் நின்றபடி பேசுவேன்.

நின்றுகொண்டு வேலை செய்கிற மேசை நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். நாள் முழுக்க நின்றால் காலும் நாரியும் நோகும், கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். இருப்பதும் நிற்பதும் மாறி மாறி வருவதில்தான் பலன்.

இதைத் தவிர உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவும் இருக்கிறது: வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. வேகமாக நடப்பது, சைக்கிள் ஓடுவது எல்லாம் இதற்குள் வரும். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நடக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைச் சுலபமாக எட்டிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் சந்திக்கடைக்குக்கூட நடப்பதில்லை என்பது எனக்குக் கவலை.

கண் எரிகிறது, பின்னேரம் எழுத்து மங்குகிறது. திரை கண்ணைக் கெடுக்குமா?

நிரந்தரமாகக் கெடுக்காது. கண் களைக்கும், காயும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் களைப்பே ஒரு நாள் வேலையைக் குழப்பப் போதும்.

சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும், சிமிட்டினாலும் அரைகுறையாக. கண்ணின் ஈரம் காய்கிறது. இதோடு ஃபான் முகத்துக்கு நேரே அடித்தால், வைகாசி முதல் சோளகக் காற்று கிரவல் வீதிப் புழுதியையும் அள்ளிக்கொண்டு யன்னலால் வந்தால், எரியாமல் என்ன செய்யும்? ஃபானைப் பக்கவாட்டில் திருப்பி உடம்புக்கு அடிக்க விடுங்கள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் கண்ணை மெதுவாக முழுதாக மூடித் திறவுங்கள்.

20-20-20 என்று ஒரு பழக்கம் சொல்வார்கள். 20 நிமிடத்துக்கு ஒருக்கா, 20 அடி தூரத்தில், 20 விநாடி பார்ப்பது. 20 அடி என்றால் 6 மீற்றர். எங்கள் அறைகள் பத்தடிக்குப் பத்தடி, சுவரைப் பார்த்தால் தூரம் போதாது. யன்னலுக்கு வெளியே பாருங்கள். என் யன்னலுக்கு நேரே படலையடியில் ஒரு வேம்பு நிற்கிறது. வகுப்பில் "வேம்பு" என்று சொன்னால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள், அதுதான் எங்கள் மணி.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. யன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் வெயில் அடிக்கும். திரையின் பிரகாசம் பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாளோடு ஒத்துப் போக வேண்டும். இருட்டு அறையில் திரை மட்டும் எரிய வேலை செய்யாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு: கிட்டப் பார்வை குறைகிற வயது இது. இரண்டு பவர் உள்ள கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதியால் திரையைப் பார்க்க நாடியைத் தூக்குவார்கள். பிடரி நோவுக்கு அதுவே காரணமாக இருக்கும். கண் பரிசோதிக்கும்போது திரையின் தூரத்தைச் சொல்லி அதற்கென்று கண்ணாடி கேளுங்கள்.

நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி வாங்கவா?

வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், கணினி வேலையால் வருகிற கண் களைப்பைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காசுக்குக் கீபோட் வாங்கலாம்.

விரல் விறைக்கிறது. எந்த விரல் என்பதில் ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது, கவனித்து வையுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி விறைத்தால் மணிக்கட்டின் நடுவால் போகிற நரம்பு நசுங்குகிறது. இரவில் கூடும், உதறினால் குறையும். சின்னவிரலும் மோதிர விரலின் மற்றப் பாதியும் விறைத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி இருக்கிறீர்களா, போனை நெடுநேரம் மடக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். கை முழுக்க, தோளிலிருந்து இறங்கி விறைத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடியாமல் நேராக இருக்க வேண்டும். கீபோட்டின் பின்பக்கத்தில் இரண்டு குட்டிக் கால் இருக்கும், அதை மடித்துவிடுங்கள், நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். மவுஸ் கீபோட்டுக்கு ஒட்டியே இருக்கட்டும், எட்டிப் பிடித்தால் தோளில் விழும். எனக்கு இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கிற பட்டி கட்டச் சொன்னார்கள். ஆறு கிழமை கட்டினேன், இரவு விறைப்பு நின்றது.

தமிழ்த் தட்டச்சில் கைக்கு எது சுகம்? பாமினியா, தமிழ்99ஆ?

இரண்டும் தமிழ் எழுத்துகளை விசைப்பலகையில் ஒழுங்குபடுத்துகிற முறைகள். எங்கள் பக்கத்தில் பாமினிதான் அதிகம், பத்திரிகை, அச்சகம், கொமினிகேசன் எல்லாம் அதில் பழகியவை. அடுத்து ஆங்கில எழுத்தால் அடித்துத் தமிழாக்குகிற முறை. இலங்கைத் தரமாக ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தமிழ்99 சொல்லிக் கொடுக்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற்99 மாநாட்டில் வந்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு, அதனால் பாரம் இரண்டு கைக்கும் பிரியும். "அம்மா" என்று அடிக்கப் பாமினியில் ஐந்து தட்டு, தமிழ்99இல் நாலு. புள்ளி தானாக விழும். அதைவிடப் பெரிய சுகம் ஷிப்ட் விசை. தமிழ்99இல் ஜ, ஷ, ஸ போன்ற கிரந்த எழுத்துக்குத்தான் அது அதிகம் வேண்டும். பாமினியில் கு, டு என்று அடிக்கும்போதெல்லாம் ஷிப்ட். சின்னவிரல் அதற்காக நாள் முழுக்க நீண்டு மடங்குகிறது. பல வருடம் பாமினியில் ஓடுகிற கையை மாற்றச் சொல்ல மாட்டேன். எழுத்து ஒரு கையிலும் ஷிப்ட் மற்றக் கையிலும் வரும்படி மட்டும் பழகுங்கள்.

கை நோகிற நாட்களில் குரலால் எழுதலாம். கூகிள் டொக்ஸில் தமிழுக்கு அந்த வசதி இருக்கிறது. எழுத்துத் தமிழில் ஆறுதலாகச் சொன்னால் நன்றாகவே எழுதும், பிறகு திருத்தினால் சரி.

பார்மசியில் நோக்குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் என்ன?

இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கும் கேடு. உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் கேடு கூடும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் புகுந்த ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல், வைத்தியரைக் கேட்காமல் மாதக்கணக்கில் இதைப் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிழமைக்கு மேல் குளிசை தேவைப்படுகிறதென்றால் வைத்தியரிடம் போங்கள். குளிசை நோவை மறைக்கும், நோவைக் கொண்டுவருகிற மேசை அப்படியேதான் இருக்கும்.

தகரக் கொட்டிலில் மத்தியானம் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

மத்தியானம் இருக்காதீர்கள், முடிந்தால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டிய காலத்தில் நாங்கள் வேலையை விடிய ஐந்து மணிக்கு மாற்றினோம். கரன்ட் வந்த பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. ஐந்திலிருந்து பத்து வரை, பிறகு நாலு மணிக்கு மேல். சித்திரை முதல் ஆவணி வரை இதுதான் என் நேரம்.

கூரைக்கு மேலே கிடுகு பரப்பினால் நல்ல வித்தியாசம் தெரியும். கழுத்தில் ஈரத் துவாய் போட்டு அதில் ஃபான் காற்றுப் பட விடுங்கள். ஆனால் அறைக்குள் 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஃபான் உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அப்போது எழும்பி மரநிழலுக்குப் போங்கள். தாகம் வரும்வரை பார்த்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் வெளிறிய மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீரக, இருதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைத்தலத்தில் ஒழுங்கான கழிப்பறை இல்லையென்று பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இடம் நடத்துகிறவர்கள் முதலில் இதைத் திருத்த வேண்டும்.

மேசைக்குக் கீழே நுளம்பு கடிக்கிறது.

டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், இருண்ட மூலையில் ஒளிந்திருக்கும். மேசையடி அதற்கு வாய்ப்பான இடம். கேபிள் குவியலைக் கட்டித் தூக்குங்கள், நீளமான காற்சட்டை போடுங்கள், ஃபான் காற்றுக் காலுக்கும் படட்டும்.

இரவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உடம்பு தாங்குமா?

லண்டனில் பின்னேரம் ஐந்து என்றால் அவர்களுடைய கோடைகாலத்தில் இங்கே இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அது சமாளிக்கலாம். ரொறன்ரோவில் பின்னேரம் ஆறு மணிக்கு இங்கே கோடைகாலத்தில் விடிய மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. இரண்டையும் ஒரே ஆள் எடுத்தால் நித்திரை இரண்டு துண்டாகும். ஒரு நாட்டோடு நிறுத்துங்கள், அல்லது ரொறன்ரோப் பிள்ளைகளைச் சனி, ஞாயிறு காலையில் எடுங்கள், அது எங்களுக்குப் பின்னேரம் விழும். கடைசித் தேத்தண்ணி படுப்பதற்கு ஆறு மணித்தியாலம் முன்பே முடியட்டும்.

செல் (எறிகணை) காயம், செயற்கைக் கால், இயங்காத கை உள்ளவர்கள் எப்படி இருந்து வேலை செய்வது?

இந்தக் கேள்வி மற்ற ஊர்களின் பட்டியல்களில் வராது. இங்கே என் வகுப்பில் எப்போதும் ஒருவராவது இருப்பார். பாரம் தூக்க முடியாதவர்களுக்குக் கணினி வேலை ஒரு நல்ல வழி, அதனால் அந்த வழி அவர்களுக்கு நோகக் கூடாது.

செயற்கைக் கால் உள்ளவர்கள் கதிரையின் முன்விளிம்பு, மிச்சக் கால் பொருந்துகிற கிண்ணத்தை மேலே தள்ளாதபடி பாருங்கள். தள்ளினால் இடுப்பு ஒரு பக்கம் சரியும், நாரி நோவு அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய மடிப்புத் துணியை மற்றத் தொடைக்குக் கீழே வைத்து இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துங்கள். வெயில் காலத்தில் நடுவில் ஒரு தடவை கழற்றி, வியர்வையைத் துடைத்துக் காய விட்டுப் போடுங்கள்.

முள்ளந்தண்டு காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண்தான் பெரிய எதிரி. உணர்வு இல்லாததால் தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருக்கா மேசையில் நெஞ்சு சாயும்படி முன்னால் குனிந்து, ஒரு நிமிடமாவது, முடிந்தால் இரண்டு நிமிடம், பிட்டத்தின் பாரத்தை எடுக்க வேண்டும். இதற்குப் போனில் மணி வையுங்கள். இரவில் கண்ணாடி பிடித்துச் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கையால் தட்டச்சு செய்கிறவர்கள் விண்டோஸில் ஷிப்ட் விசையை ஐந்து தரம் தொடர்ந்து அழுத்துங்கள். ஒரு கேள்வி வரும், ஆம் என்றால், அதன் பிறகு இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்கத் தேவையில்லை, ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினால் போதும். ஒரு தம்பி இதைத் தெரியாமல் மூன்று வருடம் நாடியால் ஷிப்ட் அழுத்தியிருக்கிறான்.

இன்னொன்று, மறக்கவே கூடாது. உடம்புக்குள் செல் துண்டு, சன்னம் இருப்பவர்கள் நாரி நோவுக்காக எம்ஆர்ஐ எடுக்கப் போனால், மெசினுக்குள் போக முன்பே அதைச் சொல்ல வேண்டும். அது பலமான காந்தம், உள்ளே இருக்கிற இரும்பு அசையலாம். கண்ணுக்கு, முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது கணினித் திரை கூடாதா?

திரையால் பிள்ளைக்குக் கேடில்லை. நெடுநேரம் அசையாமல் இருப்பதுதான் கூடாது, கால் வீங்கும். கர்ப்ப காலத்தில் கை விறைப்பும் சிலருக்கு வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும். முகம், கை திடீரென்று வீங்கித் தலையிடியும் சேர்ந்தால் உடனே கிளினிக்.

அடிக்கடி எழும்பினால் மேலதிகாரி முறைக்கிறார். என்ன சொல்வது?

வேலையின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். "சேர், இடையில் ஒரு நிமிடம் எழும்பினால் பின்னேரம் பிழை குறைவாக வருகிறது, ஒரு கிழமை செய்து பார்க்கட்டா?" என்று ஒரு தங்கச்சி கேட்டு, இன்று அந்தக் கந்தோரில் எல்லோரும் எழும்புகிறார்கள். தனியார் கடை, அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் செய்வித்தால் மேலதிகக் கொடுப்பனவு கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். எப்போது போக வேண்டும்?

இரண்டு கிழமை மேசையைத் திருத்தியும் நோவு குறையவில்லை, அல்லது விறைப்பு இரவில் எழுப்புகிறது என்றால் அந்த ஒரு நாளைக் கொடுத்துவிடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காசில்லாமல் பார்க்கலாம்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. நாரி நோவோடு சிறுநீர், மலம் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போவது, கால் பலம் இழப்பது. கண்ணுக்கு முன்னால் திடீரென்று மின்னல் அடிப்பது போலவும் கரும்புள்ளி பறப்பது போலவும் தெரிவது, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைவது. இடது தோள் நோவு என்று நினைத்தது நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் வந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை.

போகும்போது ஒரு துண்டுத் தாளில் நாலு விசயம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்த விரல் அல்லது எந்த இடம், இரவில் கூடுகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கணினியில் இருக்கிறீர்கள். வரிசையில் நின்று களைத்து உள்ளே போனதும், "ஒன்றுமில்லை டொக்டர், கொஞ்சம் நோ" என்று சொல்லிவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அந்தத் தாளை அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள்.